கதவுப் பக்கக் குழாய்: எக்ஸா, வெளியே வளைத்ததா?

வணக்கம் அண்ணாமார். கொழும்பில ஒரு ஹோண்டா சிவிக் காருக்கு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் இடிபட்டாலும் சாரதியைக் காக்கிற உருக்குக் குழாய்க் கூடு) அடிக்கிறோம். மெயின் ஹூப் (முன் சீட்டுக்குப் பின்னால நிற்கிற பெரிய வளைவுக் குழாய்) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு. மற்றதெல்லாம் 38-க்கு 2.5, தையலில்லாத குழாய். கதவுப் பக்கம்தான் இன்னும் முடிவாகேல்லை.

எக்ஸ், அதாவது கதவு வாசலில இரண்டு குழாயைக் குறுக்கும் மறுக்குமாகப் போடுறது என்றால், ஒரு குழாய் முழுசாகப் போகவேணும், மற்றதை வெட்டி இரண்டு துண்டாக வெல்ட் பண்ணி ஒட்டவேணும். அந்தச் சந்திக்கு கஸட் தகடு (மூலையை உறுதியாக்கிற சின்னத் தகடு) வைக்காவிட்டால் பக்கத்து இடியில் அங்கேயே மடங்கும். மேல் முனை கதவு வாசலின் பாதி உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பு) விதி, உயரமான சீட்டில் இது சரிவரேல்லை.

குழாயைக் கதவுக்குள்ள போகிற மாதிரி வெளியே வளைத்தால் முழங்கைக்கு இடம், சாரதிக்கும் மோதுற இடத்துக்கும் நடுவில கூடுதல் தூரம். ஆனால் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிற மோட்டார், கதவின் உள் தகடு எல்லாம் கழற்றவேணும், பாரமும் ஏறும். சாரதி பக்கம் வளைத்தது, மற்றப் பக்கம் எக்ஸ் என்று யாராவது போட்டிருக்கிறீங்களா? ஸ்க்ரூட்டினியரிங்கில் (போட்டிக்கு முந்தின வாகனப் பரிசோதனை) என்ன சொன்னவை?

38 மி.மீ. குழாயை 114 மி.மீ. நடு ஆரத்தில் (குழாயின் நடுக்கோட்டுக்கு அளந்த வளைவு ஆரம்) சுருக்கம் விழாமல் வளைக்கிற பெண்டர் பஞ்சிகாவத்தை, ரத்மலானைப் பக்கம் எங்கே இருக்கு? ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) தண்ணிக் குழாயை மட்டும் சொல்லாதேங்கோ. வெல்ட் பண்ணேக்க துத்தநாகம் எரிந்து நச்சுப்புகை வரும், ஒட்டுக்குள்ளும் துவாரம் விழும்.