வளைக்கும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்': இரண்டு டிரைவ்ஷாஃப்ட்டும் மாற்ற வேண்டுமா?

செம்பனைத்தம்பி
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். 2009 மாடல் டபுள் கேப் பிக்கப், ஃபோர் வீல். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் தோட்டத்துச் செம்மண் ரோட்டில்தான் ஓட்டம். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வலது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாகிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு டிரைவ்ஷாஃப்ட் (முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு), பேரிங், அப்சோர்பர் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு வெள்ளிக்கு எங்கே போவது?

பழைய ஃபோர்மன்
தம்பி, இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் வலது பக்க வெளி சிவி ஜாயிண்ட், அதாவது டிரைவ்ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க முனையில், சக்கரம் ஒடிந்தாலும் சுழல விடும் மூட்டு. இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், அதனால் அந்தப் பக்கம்தான் சத்தம் போடும்.

சக்கரத்தை ஒடித்து வைத்து, டார்ச் அடித்து ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), பாருங்கள். மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். கிழிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கத்திலும் சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மிலும் கறுப்புக் கிரீஸ் சிதறி, மேலே செம்மண் ஒட்டிக் கெட்டியாகிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜாயிண்டுக்குள் ஆறு குண்டுகள் பள்ளத்தில் ஓடுகின்றன. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே வரும். அப்புறம் அம்மியில் அரைப்பது போலத்தான், பள்ளத்தில் குழி விழுந்துவிடும். அந்தக் குழியில் குண்டு விழுந்து எழுவதுதான் நீங்கள் கேட்கிற 'டக்'. சத்தம் வருமுன் கண்டுபிடித்திருந்தால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டால் போதும். சத்தம் வந்த ஜாயிண்டை கிரீஸ் காப்பாற்றாது.

பேரிங் போயிருந்தால் நேராகப் போகும்போதே 'ஊ' என்று இரையும். அப்சோர்பர் குழியில் இறங்கும்போது தட்டும். உள் ஜாயிண்ட் என்றால் வண்டி எடுக்கும்போது ஒரு 'தட்', ஓட்டத்தில் நடுக்கம். நீங்கள் சொன்னதில் இது எதுவும் இல்லையே!

இன்னொன்று: ஃபோர் வீல் போட்டு தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். இந்த மாதிரி வண்டியில் முன், பின் ஆக்ஸில் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தாரில் ஒடித்தால் நல்ல வண்டியே இழுத்து இழுத்துத்தான் போகும். செம்மண்ணில் மெதுவாகப் பாருங்கள்.

ஈப்போ ரோடு
அண்ணன் சொன்னதுதான். ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கும் கடை) பழைய ஷாஃப்ட் வாங்கினால் பூட் கிழியாமல் இருக்கிறதா, கையில் பிடித்துத் திருப்பினால் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஷாஃப்ட் முனையில் இருக்கும் ஸ்ப்ளைன் பல்லை எண்ணிப் பாருங்கள். ஏபிஎஸ் பிரேக்குக்கான வளையம் இருக்கிற வண்டியா என்பதையும் கேளுங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே பொருந்தாமல் போவதுண்டு.

செம்பனைத்தம்பி
பார்த்துவிட்டேன். வலது பூட் வெளி மடிப்பில் பாதி சுற்றுக்கு மேல் கிழிந்திருக்கிறது, கிரீஸ் ரிம் முழுக்க. இடது பக்கம் சுத்தம். அப்படியென்றால் வலது ஜாயிண்ட் மட்டும் போதுமா? தெரிந்த ஒருவரோடு சேர்ந்து நானே கழற்றலாமா?

பழைய ஃபோர்மன்
போதும், தாராளமாகக் கழற்றலாம். ஆக்ஸில் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு அது அசையாது. ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். நட்டு தளர்ந்திருக்கும்போது வண்டியை உருட்டாதீர்கள், நல்ல பேரிங்கும் போய்விடும்.

ஷாஃப்ட்டை நேராக இழுங்கள். கோணலாக இழுத்தால் டிஃப் (டிஃபரன்ஷியல் கியர்பெட்டி) சீல் கீறி எண்ணெய் ஒழுகும். பூட்டோடு வரும் கிரீஸை முழுசாகப் போடுங்கள். வேறு வாங்கினால் மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸ்தான், சாதா கிரீஸ் வேண்டாம். கிளாம்ப் இரும்புதான், கேபிள் டை தோட்ட ரோட்டில் நிற்காது. நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் புதிதாகப் போடுங்கள். நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். டிஃப் எண்ணெய் கொட்டியிருந்தால் அளவு பார்த்து ஊற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, பூட் எங்கேயும் உரசவில்லையே என்று பார்த்த பிறகு குலை ஏற்றுங்கள்.