தோடர் பூத்தையல்: பள்ளி விழாவுக்காக ஒரு வழிகாட்டல் தேவை

குழுவினருக்கு வணக்கம். என் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நீலகிரி மக்களைப் பற்றிய நடனத்திற்காக, தோடர்களின் பூத்துக்குளி சால்வையைப் போல அச்சிட்ட பாலியெஸ்டர் துணியை 20 குழந்தைகளுக்கு வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால், முன்கூட்டி எதையும் வரையாமல், இழைகளை எண்ணியே தோடர் பெண்கள் தைக்கும் இந்த வேலைப்பாடு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இறந்தவரின் உடலையும் இச்சால்வையால் போர்த்துவது அவர்கள் வழக்கம் என்பதால், அதை வெறும் மேடை வேடமாக்குவது உறுத்துகிறது. அச்சுத் துணி மலிவுதான். ஆனால் நாள்கணக்கில் கண் நோகத் தைக்கும் பெண்களுக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேராது.

தோடர் சமூகத்தினரோ, உதகையில் அவர்களோடு பழகியவர்களோ இங்கு இருந்தால், குழந்தைகள் இதை அணிந்து ஆடுவதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்றும், அதற்குப் பதிலாக இரண்டு மூன்று அசல் சால்வைகளை மேடையில் வைத்து அவற்றைப் பற்றிக் குழந்தைகளே பேசுவது பொருத்தமா என்றும், தைப்பவர்களிடமே நேரடியாக வாங்க யாரை அணுகலாம் என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன். விழா அடுத்த மாதம். துணிக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.