வன்னிக் கழகம் ஒன்று ஆசியப் போட்டிக்குப் போக எந்தப் பாதை?

வட்டக்கச்சி_பத்து:

எல்லாருக்கும் வணக்கம். உதைபந்தாட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். இந்தியக் கழகங்கள், மாலைதீவுக் கழகங்கள், ஏன் பூட்டான் கழகங்கள் கூட ஆசியப் போட்டிகளில் ஆடுகின்றன. 2019இல் பங்களாதேஷின் அபஹானி டாக்காவில் வடகொரியாவின் ஏப்ரல் 25 கழகத்தை 4-3 என்று வென்ற ஆட்டத்தை யூடியூப்பில் முழுதாகப் பார்த்தேன், பிறகு நித்திரையே வரவில்லை. எங்கள் நாட்டுக் கழகங்கள் அங்கே ஏன் தெரிவதில்லை? போனதே இல்லையா, போய்த் தோற்றார்களா, அல்லது யாரும் கூப்பிடுவதில்லையா?

எனக்கு முக்கியம் இரண்டாவது கேள்விதான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கிற ஒரு கழகம் என்றைக்காவது அங்கே போவதென்றால் எந்த வழியால் போக வேண்டும், படிப்படியாக யாராவது சொல்வீர்களா? கழகக் கூட்டத்தில் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். "முதலில் கோல் கம்பத்துக்கு வலை வாங்குவம்" என்று தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

பழைய_விங்கர் (வவுனியா):

போனதே இல்லை என்று சொல்ல முடியாது தம்பி. போயிருக்கிறார்கள், வாசலோடு திரும்பியிருக்கிறார்கள். ஆசிய சம்மேளனம் முன்பு நாடுகளைத் தரம் பிரித்து வைத்திருந்தது. எங்களையும் நேபாளம், பூட்டான், கம்போடியா, தஜிகிஸ்தான் மாதிரி நாடுகளையும் கடைசித் தட்டில் போட்டு, 2005 முதல் 2014 வரை பிரசிடென்ட்ஸ் கிண்ணம் என்று தனியாக ஒன்று நடத்தினார்கள். எங்கள் சம்பியன்கள் ஆடியது அங்கேதான். கொட்டாஞ்சேனை ரட்ணம் கழகம் 2007இல் லாகூர் போய் ஆடியது. 2014இல், அதாவது கடைசித் தடவை, இறுதிச் சுற்றே கொழும்பு சுகததாஸ அரங்கில் நடந்தது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் துர்க்மெனிஸ்தான்காரர்.

அந்தக் கிண்ணத்தை நிறுத்திய பிறகு எங்களுக்கு அதற்கு ஒரு தட்டு மேலே இருந்த ஏ.எப்.சி. கிண்ணத்தின் (ஏ.எப்.சி. என்பது அந்த ஆசிய சம்மேளனம்தான்) தகுதிகாண் சுற்றுக் கதவு திறந்தது. 2017இல் கொழும்பு எப்.சி. இந்தியாவின் மோகன் பகானிடம் இரண்டு ஆட்டத்திலும் 2-1 என்று தோற்றது. அது கேவலமான தோல்வி இல்லை, நான் சொல்லுவேன். 2019இல் அதே கொழும்பு எப்.சி. பூட்டானின் டிரான்ஸ்போர்ட் யுனைடெட்டை வெளியேற்றிவிட்டு அடுத்த சுற்றில் சென்னையின் எப்.சி.யைச் சந்தித்தது. கொழும்பில் 0-0. மறு ஆட்டத்தைச் சென்னைக்காரர் அகமதாபாத்தில் வைத்து ஆடினார்கள், 1-0 என்று தப்பிவிட்டார்கள். ஒரே ஒரு கோல். (எங்கள் வீட்டில் அன்று இரண்டு கட்சி. மச்சான் சென்னைக்குக் கை தட்டினார், அவருக்கு இன்றைக்கும் மன்னிப்பு இல்லை.)

2022இல் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். களுத்துறை புளூ ஸ்டார் காத்மண்டு போய் நேபாளச் சம்பியன் மச்சிந்திராவை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று அடித்தது. நாட்டில் அப்போது என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியும், பெற்றோல் வரிசை, கரண்ட் இல்லை, காஸ் இல்லை. ஒரு கிழமை கழித்துக் கொல்கத்தா சோல்ட் லேக் அரங்கில் ஏ.டி.கே. மோகன் பகானுடன் ஆட்டம். அது ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததும் அதே நாள்தான். புளூ ஸ்டார் 5-0 என்று தோற்றது. ஸ்கோரை மட்டும் பார்த்துச் சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஆட்டமும் பிற நாட்டில், இரண்டும் ஒற்றை ஆட்டம், எதிரில் இருந்தது இந்தியாவின் காசுக்காரக் கழகம்.

மல்லாவி_மாஸ்டர்:

விங்கர் அண்ணை சொன்னது வரலாறு. நான் நடைமுறையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் எடுக்கிறேன், இந்தக் காகிதங்களோடு கொஞ்சம் பழக்கம்.

சம்பியன் ஆனால் மட்டும் ஆசியாவுக்கு விடமாட்டார்கள். கழகத்துக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஐந்து பக்கத்தாலும் பார்ப்பார்கள்: விளையாட்டு, மைதானம், ஆளணி, சட்டம், நிதி. விளையாட்டு என்றால் முதல் அணி எப்படி ஆடுகிறது என்று பார்ப்பதில்லை, கீழே வயதுப் பிரிவு அணிகள் இருக்கின்றனவா, அவை உண்மையாகவே ஆடுகின்றனவா என்று கேட்பார்கள். ஆளணி என்றால் தகுதிச் சான்றிதழ் உள்ள பயிற்றுநர், வைத்தியர், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், கணக்குப் பார்ப்பவர். நிதி என்றால் கணக்காய்வு செய்த கணக்கு, வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் பாக்கி இல்லை என்பதற்கு அத்தாட்சி. எங்கள் பக்கத்தில் கழகக் கணக்கு என்பது பொருளாளரின் சீ.ஆர். கொப்பி. அதில் பாதிப் பக்கத்தை அவருடைய மகள் கணக்குப் பாடத்துக்குக் கிழித்திருப்பாள்.

இன்னொன்று. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் கடைசியில்தான் நீக்கியது. வெளியார் தலையீடு என்று காரணம் சொன்னார்கள். பலர் இதைத் தேசிய அணியின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடைநிறுத்தம் வந்தால் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டி இல்லை. கொழும்பில் கதிரைக்குச் சண்டை பிடித்தால் கழகத்தில் பந்து உதைக்கிறவனுக்கும் கதவு பூட்டப்படும். ஆசியாவில் இடங்களைப் பிரிப்பதும் அந்தந்த நாட்டுக் கழகங்களின் பெறுபேற்றைப் பார்த்துத்தான், ஆகவே போகாமல் இருந்தால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் அடுத்த முறை இன்னும் கீழே நின்று தொடங்க வேண்டும். 2024இல் எல்லாவற்றையும் மாற்றி சம்பியன்ஸ் லீக் எலைட், சம்பியன்ஸ் லீக் டூ, சலஞ்ச் லீக் என்று மூன்று தட்டாக்கிவிட்டார்கள். எங்கள் பங்கு மூன்றாவது தட்டில்தான்.

நந்திக்கடல்_நண்டு:

மாஸ்டர், லைசென்ஸ் கதையெல்லாம் பத்தாவது படி. பத்து தம்பி கேட்டது முதல் படி. 2021இல் சுப்பர் லீக் என்று தொழில்முறை லீக் தொடங்கினார்களே, பத்துக் கழகங்களின் பெயரைப் பாருங்கள்: புளூ ஸ்டார், கொழும்பு எப்.சி., ரினவுன், ரட்ணம், ரெட் ஸ்டார், நியூ யங்ஸ், அப்கன்ட்ரி லயன்ஸ், டிபென்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ். வடக்கில் இருந்து ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். கிழக்கில் இருந்தும் இல்லை. புளூ ஸ்டார் காத்மண்டு போனது அந்த லீக்கை வென்றதால்தான். லீக்குக்குள்ளேயே நாங்கள் இல்லை என்றால் ஆசியாவைப் பற்றிக் கதைத்து என்ன?

அந்தப் பத்தில் கடைசி மூன்றும் தரைப்படை, விமானப்படை, கடற்படை. அவர்களுக்கு மைதானம் சொந்தம், சாப்பாடு இருக்கு, மாதச் சம்பளம் இருக்கு, பிற்பகல் பயிற்சிக்கு மேலதிகாரி விடுகிறார். எங்கள் பொடியன் பகலில் மேசன் வேலை, இல்லாவிட்டால் வள்ளம். காலில் சுளுக்கு வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு பேரும் ஒரே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேசாலை_உப்புக்காற்று:

நண்டு சொல்வது சரி, ஆனால் முழுக்கச் சரி இல்லை. கழகம் போகாவிட்டாலும் ஆள் போயிருக்கிறான். எங்கள் மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணிக்கு ஆடியவர், மாலைதீவில் வெலன்சியா கழகத்துக்கும் ஆடினார். 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார், வயது 31தான். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனமில்லை. சொல்ல வந்தது இதுதான்: மன்னார் மண்ணில் பழகிய காலை இன்னொரு நாட்டுக் கழகம் காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறது. திறமை இல்லை என்ற கதையை இனி யாரும் எடுக்க வேண்டாம்.

பூட்டானைப் பாருங்கள். 2019இல் அவர்களின் டிரான்ஸ்போர்ட் யுனைடெட்டைக் கொழும்பு எப்.சி. வெளியேற்றியது என்று விங்கர் அண்ணை எழுதியிருக்கிறார். அடுத்த வருடமே அவர்களின் இன்னொரு கழகம் பாரோ எப்.சி. எங்கள் டிபென்டர்ஸை வெளியேற்றியது. பாரோ அதன்பிறகு பெங்களூருவிடம் 9-1 வாங்கியது, வாங்கட்டும், அடுத்தடுத்த வருடமும் லீக் ஆடினார்கள். 2024இல் சலஞ்ச் லீக் குழு ஆட்டங்கள் திம்புவிலேயே நடந்தன, ஈஸ்ட் பெங்கால், பசுந்தரா கிங்ஸ், லெபனானின் நெஜ்மே எல்லாம் மலை ஏறிப் போய் பாரோவுடன் ஆடின. முழு நாட்டிலும் எட்டு லட்சம் சனம்கூட இல்லை.

வட்டக்கச்சி_பத்து:

எல்லாருக்கும் நன்றி. பூட்டான் கதையை வாசித்ததும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு சந்தேகம். எங்கள் ஊர்களில் காசு இல்லாமல் இல்லையே. ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி வைத்தால் கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் அண்ணைமார் கிண்ணம், ஜேர்சி, பணப்பரிசு எல்லாம் அனுப்புகிறார்கள். ஒலிபெருக்கிக்காரனுக்குக் கொடுக்கிற காசே பெரிய காசு. அந்தக் காசை ஒரு இடத்தில் போட்டால் ஒரு கழகத்தைத் தொழில்முறையாக நடத்த முடியாதா?

மல்லாவி_மாஸ்டர்:

முடியாது தம்பி, அந்தக் காசு அந்த வகைக் காசு இல்லை. அண்ணைமார் அனுப்புவது இறந்துபோன நண்பனின் பெயருக்கு, தன் ஊரின் பெயருக்கு. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விளையாட்டாகப் பார்த்தால் அந்தச் சுற்றுப்போட்டிகள் வீரனைக் கெடுக்கின்றன. ஒன்பது பேர், சின்ன மைதானம், இருபது நிமிடம், தோற்றால் வீடு, சமநிலை என்றால் தண்ட உதை. ஒரே நாளில் நாலு ஆட்டம் ஆடுகிறான். பதினொரு பேராக 90 நிமிடம் ஆடும்போது அறுபதாவது நிமிடத்தில் எங்கள் நடுக்கள வீரன் இடுப்பில் கை வைத்து நிற்பதற்குக் காரணம் அதுதான், சாப்பாடு மட்டும் இல்லை. வருடத்தில் எட்டு மாதம் வாராவாரம் ஆடுகிறவனும் இவனும் மோதினால் என்ன நடக்கும்?

மாவட்ட லீக்கை ஒழுங்காக வீட்டு ஆட்டம், வெளி ஆட்டம் என்று முழுப் பருவமாக நடத்த வேண்டும். அதில் இருந்து தேசியப் பிரிவுகளுக்கு ஏற வழி வேண்டும். படி என்று கேட்டாயே, இதுதான் படி.

நந்திக்கடல்_நண்டு:

மாஸ்டர், இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஞாபகார்த்தப் போட்டி இல்லாவிட்டால் பாதிக் கிராமத்தில் பந்தே உருளாது. சனம் வந்து பார்ப்பதும் அதைத்தான். 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தபோது யாழ்ப்பாணம் துரையப்பா அரங்குக்கு இங்கிருந்து ஆட்கள் பஸ் பிடித்துப் போனார்கள். சனம் இருக்கு. இல்லாதது தொடர்ச்சி. அதற்கு நினைவுக் கிண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள், லீக் நடத்த வேண்டியவர்களைக் கேளுங்கள். போன பருவத்தில் எங்கள் ஆட்டம் ஒன்றுக்கு நடுவரே வரவில்லை. இரண்டு அணியும் மதியத்தில் இருந்து வேப்ப மரத்தடியில் குந்தியிருந்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பழைய_விங்கர் (வவுனியா):

இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். நினைவுக் கிண்ணத்தை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதன் பரிசுக் காசில் ஒரு பங்கை 15 வயதுக்குட்பட்ட அணிக்கு ஒதுக்கச் சொல்லி அண்ணைமாரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பெயரும் நிற்கும். என் யோசனை வேறு. நாலு மாவட்டமும், கிளிநொச்சி, முல்லை, வவுனியா, மன்னார், தனித்தனியாகக் கழகம் கட்டிப் பயனில்லை. ஒரு மாவட்டத்தில் நல்ல கோல் காப்பாளன் இருப்பான், இன்னொன்றில் முன்வரிசை இருக்கும். நாலுக்கும் சேர்த்து ஒரு கழகம் கட்டித் தேசியப் பிரிவில் போட்டால் ஐந்து வருடத்தில் மேல் லீக்குக்கு ஏறலாம். ஆசியா அதற்குப் பிறகு.

பேசாலை_உப்புக்காற்று:

அண்ணை, யோசனை நல்லதுதான். வீட்டு ஆட்டம் எங்கே என்று சொல்லுங்கள், அங்கேயே அது உடைந்துவிடும். வவுனியாவில் என்றால் மன்னார்க்காரன் வரமாட்டான், மன்னாரில் என்றால் முல்லைக்காரன் காலை நாலு மணிக்கு எழும்ப வேண்டும்.

வட்டக்கச்சி_பத்து:

மாங்குளத்தில் வைக்கலாமே? நாலு பக்கத்துக்கும் சந்தி அதுதானே.

நந்திக்கடல்_நண்டு:

மாங்குளம் சரிதான். மைதானத்துக்குப் புல் யார் வெட்டுவது?

மல்லாவி_மாஸ்டர்:

புல்லை நான் பார்த்துக்கொள்கிறேன், பள்ளிக்கூட மெஷின் இருக்கு. பத்து, உன் ஊரில் 2011க்குப் பிறகு பிறந்த பொடியளின் பெயரும் பிறந்த திகதியும் எடுத்து வை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு, வாய்ச் சொல் வேண்டாம். வயதுப் பிரிவில் எங்கள் பக்கத்து அணிகள் தோற்பதைவிடத் தகுதியிழப்பதுதான் கூட. சனிக்கிழமை பின்னேரம் எனக்கு உள்பெட்டியில் எழுது.