ஆம்ப்புக்கு தனி எர்த் ராடு அடிக்கலாமா, இல்ல கிரவுண்டிங் பாக்ஸ் வாங்கலாமா?

கோவை_வினைல்:
வணக்கம் மக்களே. இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப வேற வழியில்லாம எழுதறேன். வால்வு ப்ரீஆம்ப் (வால்யூம் இதுலதான்), ஸ்பீக்கரை ஓட்ட தனி பவர் ஆம்ப், டேக் (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலா மாத்தற பெட்டி), டர்ன்டேபிள், டிவியும் இதுலயேதான் ஓடுது. ராத்திரி ரோடு அடங்கினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு முனகல், சோஃபால உக்காந்தாலே கேக்குது. சினிமா பாட்டுக்கு தெரியாது, ஆனா ஆலாபனைக்கு முன்னாடி தம்புரா மட்டும் வர்ற இடத்துல ரெண்டு சுருதி கேக்கற மாதிரி இருக்கு, எரிச்சலா வருது. டீலர் கிரவுண்டிங் பாக்ஸ் வாங்குங்க, பின்னணி அமைதியாயிடும்ங்கறார், ஒன்னே முக்கால் லட்சம். ஃப்ரெண்ட் ஒருத்தன் தோட்டத்துல காப்பர் ராடு அடிச்சு ஆடியோவுக்கு மட்டும் தனி எர்த் எடு, வீட்டு எர்த்தோட சேக்காதேங்கறான். எதைப் பண்ண?

ஓம்_விதி:
அந்த முனகல் வீட்டுக் கரண்டோட 50 ஹெர்ட்ஸ், சுருதில கிட்டத்தட்ட அஞ்சு கட்டை ப்ரோ, கொஞ்சம் மேல. அஞ்சு கட்டைல பாடறவங்க கச்சேரி போட்டா ஓரளவு சமாளிக்கலாம் 😄

சரி விஷயத்துக்கு வரேன். பர்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி சத்தம் எங்க பொறக்குதுன்னு பிடிங்க. வால்யூம் ஏத்தினா ஹம்மும் (அந்த முனகல்தான்) ஏறுதா? ஏறினா டர்ன்டேபிள், டேக் பக்கம். ஏறலைன்னா ப்ரீக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவுல இல்ல அதுக்கு அப்புறம். ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு இன்புட்ல ஷார்ட்டிங் ப்ளக் (சிக்னல் பின்னையும் கிரவுண்டையும் சேத்துடற ப்ளக்) சொருகி ஆன் பண்ணுங்க, அப்பவும் முனகினா ஆம்ப்புக்குள்ளயே கோளாறு.

முக்காவாசி கேஸ் கிரவுண்ட் லூப்தான். ரெண்டு பெட்டியும் மூணு பின் ப்ளக் வழியா எர்த் ஆகியிருக்கு, பாட்டு சிக்னல் போற ஆர்சிஏ கேபிளோட ஷீல்டும் (மேல சுத்தியிருக்கற கம்பி வலை) அதே ரெண்டையும் சேக்குது, ஆக ஒரு வளையம், அதுல கசிவு கரண்ட் சுத்திட்டே இருக்கும். ஆர்சிஏல அந்த ஷீல்டுதான் சிக்னல் திரும்பற வழியும்ங்கறதுதான் வினையே. 0.1 ஓம் ஷீல்டுல 1 மில்லிஆம்ப் போனா 0.1 மில்லிவோல்ட், டேக் தர்ற 2 வோல்ட் சிக்னலுக்கு 86 டெசிபல் கீழ. இதெல்லாம் ஒரு கணக்கான்னு தோணும், நடுராத்திரி சென்சிட்டிவிட்டி ஜாஸ்தியான ஸ்பீக்கர் முன்னாடி உக்காந்து பாருங்க தெரியும். எக்ஸ்எல்ஆர் (மூணு பின் ஆடியோ கேபிள்) இருந்தா மாத்திப் பாருங்க, அதுல சிக்னலுக்கு தனியா ரெண்டு கம்பி, ஷீல்டு வேற.

டிவி இருக்குன்னீங்க இல்ல, எனக்கு அங்கதான் டவுட். மொட்டை மாடி டிஷ்ஷுல இருந்து வர்ற கேபிளை செட் டாப் பாக்ஸ்ல திருகி கழட்டிட்டு கேளுங்க.

வயர்மேன்_மாமா:
தம்பி, அந்த ஃப்ரெண்டு பேச்சைக் கேக்காதீங்க. காஞ்ச மண்ணுல ஒத்த ராடு 20 ஓம் காட்டினாலே பெரிய விஷயம். நாளைக்கு ஆம்ப்புக்குள்ள ஃபேஸ் பாடியைத் தொட்டுச்சுன்னா 230ஐ 20ஆல வகுங்க, பதினொன்றரை ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி (போர்டுல தானா விழற ஸ்விட்ச்) அசையவே அசையாது, அதுல சி டைப் உடனே விழணும்னா 80ல இருந்து 160 ஆம்ப் வேணும். பாடி லைவாவே நிக்கும், நீங்க வால்யூம் திருக கை வைப்பீங்க. வீட்டு எர்த்தும் குழிதானேன்னா, ஆமா, அதுக்குத்தான் 30 மில்லிஆம்ப் கசிஞ்சாலே கரண்டை நிறுத்தற ஆர்சிசிபி. இருக்கா உங்க போர்டுல?

அப்புறம் பக்கத்துல இடி விழுந்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல வோல்ட் வித்தியாசம் வரும், அது பாய்றதுக்கு உங்க டேக்கும் ஆம்ப்பும்தான் பாலம். இன்னொரு குழி வேணும்னா தாராளமா போடுங்க, ஆனா பழைய எர்த்தோட சேத்துக் கட்டணும். ஹம் போகுதுன்னு எர்த் பின்னை வெட்டறவங்களும் உண்டு, தயவுசெஞ்சு அதையும் பண்ணாதீங்க.

மொதல்ல இருக்கற குழியைப் போய் பாருங்க. கடைசியா எப்ப தண்ணி ஊத்தினீங்க?

மரப்பெட்டிக்காரன்:
அடிக்க வராதீங்க, எங்கிட்ட அந்த மாதிரி பாக்ஸ் இருக்கு. என்ட்ரெக் கம்பெனி டைப், மரப்பெட்டிக்குள்ள ஏதோ தாதுக் கலவை, ப்ரீல சும்மா இருக்கற ஆர்சிஏ சாக்கெட்ல இருந்து ஒரு வயர், அவ்வளவுதான், எர்த்துக்கு எங்கயும் போகாது. எனக்குப் பிடிச்சிருக்கு, வச்சிருக்கேன். ஆனா ஹம்முக்காக வாங்காதீங்க. என் ஹம் பாக்ஸ் வந்த அப்புறமும் அப்படியேதான் இருந்துச்சு, கடைசில லைன் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (சிக்னலை மட்டும் விட்டுட்டு ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கம்பித் தொடர்பை அறுக்கறது) போட்டுத்தான் போச்சு.

ஓம்_விதி:
இருக்கும்ணா. கரண்ட் போனா திரும்பி வரவும் வழி வேணுமே, பெட்டி முட்டுச்சந்து.

கோவை_வினைல்:
ரெண்டு நாளா இதே வேலைதான். வால்யூம் திருகினா மாறல. டிஷ் கேபிளைக் கழட்டும்போதே விரல்ல சுருக்குன்னு ஒன்னு விட்டுச்சு, கழட்டினதும் ஹம் முக்காவாசி காலி!!

எர்த் குழியைத் தேடினா காணோம். துளசி மாடத்துக்குப் பின்னாடி இருந்தது, போன வருஷம் டைல்ஸ் ஒட்டினவங்க மேல பூசிட்டுப் போயிருக்காங்க. உடைச்சுப் பாத்தா உள்ள பொட்டுத் தண்ணியில்ல, க்ளாம்ப் நட்டு துருவேறி பொடியா உதிருது, எர்த் வயரை லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு.

வயர்மேன்_மாமா:
அட கடவுளே. அப்ப ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இன்வர்ட்டர்னு உங்க வீட்டுக் கசிவு மொத்தமும் மாடி டிஷ் கம்பி வழியா இறங்கியிருக்கு தம்பி, நடுவுல உங்க ஆர்சிஏ கேபிள் மாட்டிக்கிச்சு. ஆடியோவை விடுங்க, குழி சரியாகற வரைக்கும் கீசர் போட வேணாம்னு வீட்ல சொல்லிடுங்க.

கோவை_வினைல்:
சொல்லிட்டேன் மாமா, நாளைக்கு காலைல ஆள் வர்றார், ஆர்சிசிபியும் சேத்து போடச் சொல்லியிருக்கேன். டிவிக்கு ஆப்டிகல் கேபிள் (வெளிச்சத்துல சிக்னல் போறது, கம்பித் தொடர்பே இல்ல) வாங்கிட்டேன். இன்னும் ஸ்பீக்கரோட ட்வீட்டர்கிட்ட காதை வச்சா "ஜ்ஜ்"னு மெல்லிசா ஒன்னு கேக்குது, இது எதுல இருந்து?

ஓம்_விதி:
ஜ்ஜ்னா 100 ஹெர்ட்ஸும் அதோட மடங்குகளும் ப்ரோ, பவர் சப்ளை பக்கம். குழி வேலை முடியட்டும், ப்ரீக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க, பவர் சப்ளையை மட்டப்படுத்தற ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாக்கலாம்.