யானைக் கணக்கையும் ஆள் கணக்கையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

காட்பாடி வாத்தியார்:
தமிழ்நாட்டில் 2023இல் 2,961 யானைகள், 2024இல் 3,063 யானைகள் என்று வனத்துறை அறிவித்தது. ஓராண்டில் 102 கூடியதாம். ஒரு கன்றை ஈன 22 மாதம் சுமக்கும் விலங்கு அது! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். கதவைத் தட்டினோம், பெயரைக் கேட்டோம், எழுதினோம். அன்றைய ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்துக்கு 39,36,331 என்று கடைசி இலக்கம் வரை வந்தது. யானையின் லத்தியை, அதாவது சாணத்தை, எண்ணிப் போடும் கணக்கை இதற்குச் சமமாக எப்படி வைப்பது?

சத்துவாச்சாரி புள்ளியியல் மாணவி:
ஐயா, அந்தக் கடைசி இலக்கத்தை நீங்கள் அவ்வளவு நம்ப வேண்டாம். 2011 கணக்கெடுப்பு முடிந்தபின் சில பகுதிகளுக்கு வேறு ஆட்களை அனுப்பி மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். நாடு முழுவதற்குமாக, 1000 பேருக்குச் சுமார் 23 பேர் விடுபட்டது தெரிந்தது. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால் நம் மாவட்டத்தில் மட்டும் தொண்ணூறாயிரம் பேர். பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, அளவைக் காட்டுகிறேன்.

விடுபட்டவர்களைக் கண்டுபிடித்த அந்த முறையும் காட்டுவிலங்குக் கணக்கும் உடன்பிறப்புகள். 1896இல் டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுப் பிடித்ததும், 1930இல் அமெரிக்காவின் லிங்கன் வாத்துகளின் கால்வளையத்தை வைத்துக் கணக்கிட்டதும் இதுதான். 1949இல் புள்ளியியலாளர்கள் சந்திரசேகரனும் டெமிங்கும் இதையே மனிதர்களின் பிறப்பு, இறப்புக்குப் பயன்படுத்தினார்கள். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில். ஓர் ஊரில் ஒருவர் 40 பிறப்புகளை எழுதுகிறார், தனியாக வந்த இன்னொருவர் 35 எழுதுகிறார், இரண்டு பட்டியலிலும் இருப்பவை 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40ஐ 35ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 50. இருவர் கண்ணிலும் படாத பிறப்புகளும் அந்த 50இல் அடக்கம். குழந்தையின் இடத்தில் புலிக்குப் புலி மாறும் வரியை வைத்தால் தானியங்கி கேமராக் கணக்கு.

காட்பாடி வாத்தியார்:
அழகான வாய்ப்பாடு. ஆனால் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தானே? பாலாற்றோரச் செங்கல் சூளையில் குடிசை போட்டிருக்கும் குடும்பத்தை முதல் ஆளும் விடுவான், இரண்டாவது ஆளும் விடுவான். கேமரா வெளிச்சத்துக்கு மிரண்டு வழி மாறும் புலியும் அப்படியே. காலடித் தடத்தை வைத்து எண்ணி எண்ணிக் கணக்குக் காட்டிய ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில், 2005 வாக்கில் ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்ததை மறந்துவிட்டீர்களா?

சத்துவாச்சாரி புள்ளியியல் மாணவி:
மறக்கவில்லை. சரிஸ்காவுக்குப் பிறகுதான் காலடித் தடக் கணக்கைக் கைவிட்டுக் கேமராவுக்கு மாறினார்கள். உங்கள் எடுத்துக்காட்டு எனக்குத்தான் சாதகம். சூளைக் குடிசை நியாயமான வாதம். ஆனால் ஒரே ஆட்கள் இரண்டு முறையும் தப்பினால் விடை குறையுமே தவிர அதிகரிக்காது. பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த கணக்கு அது. கதவைத் தட்டி எண்ணியதில் அதுவும் தெரியாது.

கணியம்பாடி சுகாதாரப் பணியாளர்:
இருவரும் சில நாட்களில் எண்ணி முடிக்கும் கணக்கெடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாகப் பிறப்பையும் இறப்பையும் ஊர் ஊராகப் பதிவு செய்து வருகிறது. இதில் தலைவலி எண்ணுவதல்ல, ஆளைப் பின்தொடர்வது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள். குழந்தை அங்கே பிறக்கும், இங்கே வளரும். இரண்டு ஊரிலும் எழுதினால் இரட்டிப்பு, இரண்டிலும் விட்டால் குழந்தையே இல்லை. வீட்டில் நடந்த இறப்புக்கு மருத்துவச் சான்று இருக்காது; எத்தனை நாள் காய்ச்சல், மூச்சு வாங்கியதா என்று குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் காரணத்தை முடிவு செய்வார்கள். துக்க வீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. ஆனால் எதனால் எண்ணிக்கை மாறுகிறது என்பதற்கு அங்கேதான் பதில் கிடைக்கிறது.

பேரணாம்பட்டு மாந்தோப்புக்காரன்:
எங்கள் காட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம். ஓசூர் பக்கத்துக் காடுகளிலிருந்து 1980களில் யானைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்று அங்கே, நாளை என் தோப்பில். எண்ணும் நாளில் அது அந்தப் பக்கம் நின்றால் தமிழ்நாட்டுக் கணக்கில் இல்லை. என் மரத்தை ஒடிப்பதோ கணக்கில் இல்லாத யானை!

சத்துவாச்சாரி புள்ளியியல் மாணவி:
அதற்காகத்தான் தென்மாநிலங்கள் ஒரே நாட்களில் எண்ணுகின்றன. ஓராண்டில் 102 கூடியதற்கும் பாதி விளக்கம் எண்ணும் முறையிலேயே கிடைக்கலாம், வாத்தியார் ஐயா. யானை நாளொன்றுக்குச் சுமார் 16 முறை லத்தி போடும் என்று கொள்கிறார்கள். அது எத்தனை நாளில் மட்கும் என்பது மழையைப் பொறுத்தது. அந்த இரண்டும் சற்று மாறினாலே நூறு யானை கூடும், குறையும். கன்று பிறந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மனிதர்களுக்கும் இதே சிக்கல்தான். வேலூர் காந்தி ரோட்டு விடுதிகளில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களை எந்த ஊரில் எழுதினீர்கள்?

காட்பாடி வாத்தியார்:
அதற்கு விதி இருந்தது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினோம். அந்த நாட்கள் முழுக்கச் சொந்த ஊரில் இல்லாதவரை, இருக்கும் இடத்தில் எழுத வேண்டும். இடையில் ஊர் திரும்புகிறவர் என்றால் அங்கேதான். வீடற்றவர்களை 28ஆம் தேதி இரவில் எண்ணினோம். யானைக்கு இப்படி விதி உண்டா? சரி, மதிப்பீடு என்றே ஏற்கிறேன். அப்படியானால் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் சேர்த்து அச்சிடட்டும். 3,063 என்று ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு "கூடியது" என்று மார்தட்ட வேண்டாம்.

சத்துவாச்சாரி புள்ளியியல் மாணவி:
இதில் உங்களோடு சண்டை இல்லை. 2022 புலி மதிப்பீட்டில் 3,167 முதல் 3,925 வரை என்று எல்லை இருக்கிறது. சராசரி 3,682. தலைப்புச் செய்திகளிலோ பெரும்பாலும் ஒற்றை எண்தான் வந்தது.

பேரணாம்பட்டு மாந்தோப்புக்காரன்:
எல்லை போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒரே கேள்வி. தோப்புக்கு வருவது ஒரே யானையா, வெவ்வேறா?

சத்துவாச்சாரி புள்ளியியல் மாணவி:
காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, வால் மயிர் ஆகியவற்றை வைத்து ஒவ்வொன்றையும் பிரித்தறியலாம், அண்ணா. பக்கவாட்டில் தெளிவான படம் வேண்டும்.

பேரணாம்பட்டு மாந்தோப்புக்காரன்:
எதிரே நிற்கும்போது பக்கவாட்டில் திரும்பு என்று நீங்கள் வந்து சொல்லுங்கள், தங்கச்சி. முன்பக்கப் படம்தான் என்னிடம் இருக்கிறது, அதுவும் ஓடிக்கொண்டே எடுத்தது.