ராஜா கதைல பழி தீத்தவன் படத்துல மட்டும் ஏன் உயிரோட இருக்க மாட்டேங்கறான்?

கவி_செந்தூல்

வணக்கம் மக்களே. ராஜகுடும்பத்து பழிவாங்கல் கதைங்கள படமா எடுக்கறப்ப டைரக்டருங்க ஏன் முடிவுல மட்டும் கை வைக்கறாங்க? 2022ல வந்த நார்த்மேன் படத்த பாத்துட்டு அதோட மூலக்கதைய தேடி படிச்சேன், 1200 வாக்குல சாக்ஸோ கிராமாட்டிகஸ்னு ஒரு டேனிஷ்காரர் லத்தீன்ல எழுதி வச்சது, ஹாம்லெட்டுக்கும் அதான் வேரு. அதுல ஆம்லெத் அப்பாவ கொன்ன சித்தப்பன தீத்துட்டு ராஜாவாவே உக்காந்துடறான். படத்துல பாத்தா எரிமலை வாயில ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டு ரெண்டு பேரும் காலி. பொன்னியின் செல்வன் 2லயும் அதே கததான், கரிகாலன் தானா முன்வந்து நந்தினி கையால சாவ ஏத்துக்கறான், அப்புறம் அவளும் தண்ணில போய்டறா. வீரபாண்டியன கொன்னதுக்காக நந்தினி அத்தன வருஷம் வளத்த வஞ்சம் தீர்ற நேரத்துல காதலா கரைஞ்சு போச்சேன்னு எனக்கு மனசே ஆறல. தியேட்டர விட்டு வெளிய வந்தும் அதையேதான் பேசிக்கிட்டு இருந்தோம்.

இன்னொன்னு, அக்கா மகன் இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்ச எழுதறான், செஜாரா (வரலாறு) பாடத்துல ரொம்ப இஷ்டம் அவனுக்கு. நம்ம மலேசியா பழங்கதைல இந்த மாதிரி பழைய மலாய் படம் இருந்தா சொல்லுங்க, சேந்து உக்காந்து பாக்கலாம்னு இருக்கோம்.

ஜார்ஜ்டவுன்_மணி

கவி, நார்த்மேன் விஷயத்துல நான் டைரக்டர் பக்கம். அம்மாவ காப்பாத்தப் போறான்ல, அந்த ரூம்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு ஞாபகம் இருக்கா? உன் அப்பன கொல்லச் சொன்னதே நான்தான்டான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, நிக்கோல் கிட்மன் முகம் அந்த நேரத்துல மாறுற விதத்த பாருங்க. சின்ன வயசுலேர்ந்து அப்பாவுக்கு பழி வாங்குவேன், அம்மாவ காப்பாத்துவேன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே வளந்தவனுக்கு அதுல பாதி அங்கயே பொய்யாப் போச்சு. அதுக்கப்புறம் அவன் கிரீடம் வச்சுக்கிட்டு உக்காந்தா நான் நம்பிருக்க மாட்டேன் லா. அதோட படத்துல சித்தப்பனே நாட்ட இன்னொரு ராஜாகிட்ட தோத்துட்டு ஐஸ்லாந்துல ஆட்டுப்பட்டி வச்சு பொழைக்கறான், அப்புறம் இவன் எந்த சிம்மாசனத்துல போய் உக்காருவான்?

பொன்னியின் செல்வன் பத்தி நீங்க சொன்னதுல எனக்கும் வருத்தம் இருக்கு, அத விவரம் தெரிஞ்சவங்க பேசட்டும்.

தோட்டத்துப்பிள்ளை

மணி அண்ணே கடைசில கேட்டாரு பாருங்க, எந்த சிம்மாசனம்னு, எனக்கு எல்லாமே அங்கதான் இருக்கு. பழைய கதைல பழி வாங்கறது பாதி கததான், மறுநாள் காலைல அந்த எடத்துல யாரு உக்காந்தாங்கறது மிச்ச பாதி. படம் எடுக்கறவங்க முத பாதிய எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாதிய அப்படியே விட்டுடறாங்க.

சாக்ஸோ எழுதுனத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அது அவ்ளோ நல்லா இருக்கு. ஆம்லெத் பைத்தியம் மாதிரி நடிச்சுக்கிட்டு அடுப்பங்கரைல உக்காந்து மரக்கொக்கியா சீவிக்கிட்டு இருப்பான், நெருப்புல காட்டி காட்டி முனைய கெட்டியாக்குவான், என்னடா பண்றன்னு கேட்டா அப்பாவுக்கு பழி வாங்க ஈட்டி செய்யறேம்பான், எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் அவன இங்கிலாந்துக்கு அனுப்பி அங்க வச்சு தீத்துக்கட்ட பாக்கறாங்க, அவன் தப்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வர்ற அன்னிக்கு வூட்டுல அவனுக்கே கருமாதி விருந்து நடக்குது. வந்தவன் எல்லாருக்கும் ஊத்தி ஊத்தி குடுத்து சாய்ச்சுட்டு, அவங்க அம்மா நெய்ஞ்ச பெரிய திரைச்சீலைய அறுத்து அவங்க மேல போட்டு, அந்த பழைய கொக்கிய வச்சே அசைய முடியாம மாட்டி மண்டபத்துக்கு தீ வச்சுடறான். அவனோட வாள உறையோட சேத்து ஆணி அடிச்சு வச்சிருந்தாங்க, உருவ வராது. அத தூங்கிட்டு இருந்த சித்தப்பன் தலமாட்டுல வச்சுட்டு அந்தாள் வாள எடுத்துக்கிட்டு அப்புறம்தான் எழுப்பறான்.

இதோட படம் முடிஞ்சிரும். சாக்ஸோ முடிக்கல. மறுநாள் ஆம்லெத் உடனே வெளிய வரல, ஊரு என்ன நினைக்குதுன்னு தெரியற வரைக்கும் ஒளிஞ்சிருந்து, அப்புறம் ஜனங்கள கூட்டி ஏன் செஞ்சேன்னு நீளமா பேசறான், அத கேட்டுட்டு அவங்கதான் அவன ராஜாவாக்கறாங்க. ராஜாவ கொன்னவன் ஊருக்கு கணக்கு சொல்லியே ஆகணும்! இந்த ஒரு சீன எந்த படத்துலயாவது ஒழுங்கா எடுத்தாங்கன்னா நான் மொத ஷோவுக்கு போவேன்.

கரிகாலன் விஷயத்துலயும் இதேதான். வீரபாண்டியன் தலைய கொண்டவன்னு அவனோட பட்டப்பேருலயே இருக்கு, அதுக்கு பழியா பாண்டியனோட மெய்க்காவல் படையான ஆபத்துதவிங்க கொன்னாங்கன்னு கல்கி கத கட்டுனாரு, நந்தினி அவரோட கற்பன. ஆனா காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி கோயில்ல கல்வெட்டு இருக்கு, அதுல கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு அண்ணன் தம்பிங்க பேரே வெட்டி வச்சிருக்கு. அவங்க காட்டுல ஒளிஞ்சு திரிஞ்ச ஆளுங்க இல்ல, பிரம்மாதிராஜன்னு பட்டம் வாங்குன அதிகாரிங்க, ஒருத்தன் பட்டத்துல சோழன் பேரே இருக்கு. அரமனைக்கு உள்ளேர்ந்தே நடந்த கொலை! அப்புறம் கரிகாலன் தம்பி அருள்மொழி உடனே பட்டத்துக்கு வரல, சித்தப்பா முறைல வர்ற உத்தம சோழன் வந்தாரு, அருள்மொழி ராஜராஜனா வந்தது 985ல, கல்வெட்டு அவரோட ரெண்டாவது ஆட்சி வருஷம். நடுவுல அத்தன வருஷம் என்ன நடந்துச்சு? படத்துல அருள்மொழி மனசார கிரீடத்த தூக்கி குடுத்துட்டாருன்னு அழகா முடிச்சுட்டாங்க, எனக்கு அந்த இடம் பத்தவே இல்ல.

மலர்_கிள்ளான்

பிள்ளை தம்பி, கல்வெட்டப் பத்தி ஒன்னு சேத்துக்கங்க. அதுல இருக்கறது துரோகிங்களோட, அவங்க சொந்தக்காரங்களோட நிலத்த பிடுங்கி கைமாத்துன விவரம். தண்டன முன்னாடியே உத்தம சோழன் காலத்துல நடந்திருக்கும், நிலக் கணக்குதான் பின்னாடி வெட்டுனதுன்னு சொல்ற ஆய்வாளருங்களும் இருக்காங்க. அதனால அவரு மேல பழிய போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும், செத்து ஆயிரம் வருஷம் ஆன மனுஷன்னாலும் நியாயம்னு ஒன்னு இருக்கு.

கவி, மலாய் படம் கேட்டீங்கல்ல. மொத பாக்க வேண்டியது சுல்தான் மாமுட் மாங்காட் டிஜூலாங், 1961, கேத்தே கெரிஸ் கம்பெனி, டைரக்டரு கே.எம். பாஸ்கர். ஜொகூர்ல இருக்கற கோத்தா திங்கி கத அது. சுல்தானோட கடற்படத் தளபதி மேகட் ஸ்ரீ ராமா கடல்ல கொள்ளக்காரங்கள அடக்கப் போன நேரத்துல, மாசமா இருந்த அவன் பொண்டாட்டி ஆசப்பட்டு சுல்தானுக்கு வந்த பலாப்பழத்துல ஒரு சொளைய வாங்கி தின்னுடறா. உண்மையாவே வயித்துல புள்ளதான் கேட்டுச்சான்னு பாக்க வயித்த கிழிக்கச் சொல்லிடறான் சுல்தான். திரும்பி வந்த புருஷன், வெள்ளிக்கெழம தொழுகைக்கு ஆளுங்க தோள்ல தூக்கிட்டு போறப்ப சுல்தான குத்திடறான், சாகறப்ப சுல்தான் எறிஞ்ச கிரிஸ் கத்தி கால்ல பட்டு இவனும் போய்டறான். நடந்தது 1699. கோத்தா திங்கில கம்போங் மாக்காம்ல சுல்தான் சமாதி இன்னும் இருக்கு, ஒரு லீவுக்கு புள்ளைய கூட்டிட்டு போங்க.

பிள்ளை சொன்ன மறுநாள் காலை இதுல ரொம்ப பெருசு. சுல்தானுக்கு வாரிசு இல்ல, பெண்டஹாராவா (முதலமைச்சரா) இருந்த அப்துல் ஜலீல் சுல்தானா வந்தாரு, மலாக்கா ராஜவம்சம் ஜொகூர்ல அதோட அறுந்து போச்சு, அப்புறம் பல வருஷம் சண்ட. ஒரு பலாச்சொளைல ஆரம்பிச்சது எங்க போய் நின்னுச்சு பாருங்க.

அப்புறம் மலாக்கா வீரனப் பத்தின 1956 ஹாங் துவா, பி. ரம்லி நடிச்சது, எடுத்தவரு இந்தியாலேர்ந்து வந்த பனி மஜும்தார். அத பாத்த கையோட 1961ல ஹுசேன் ஹனிஃப் எடுத்த ஹாங் ஜெபாட்டயும் பாருங்க. சிநேகிதன் துவாவுக்காக சுல்தான் அரமனைய பிடிச்ச ஜெபாட் துரோகியா வீரனான்னு பையனே முடிவு பண்ணிக்கட்டும்.

கவி_செந்தூல்

மலர் அக்கா ரொம்ப நன்றி, ரெண்டு ஹாங் படத்தையும் ஒன்னா பாத்துடறோம். பிள்ளை, நீங்க சொன்னது சரிதான், ஆனா ஒன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். நந்தினி கல்கியோட கற்பனன்னு லேசா சொல்லிட்டீங்க. அந்த கல்வெட்டுல பொம்பளைங்க யாரும் கொலைல இல்லன்னாலும், தலைய வெட்டுனவனுக்கு முன்னாடி ஒருத்தி கெஞ்சி நின்னாங்கறது இருந்தாதான் வீரபாண்டியன் செத்தது நமக்கு வலிக்குது. அவள எடுத்துட்டா மிச்சம் இருக்கறது மூனு அதிகாரிங்களும் நிலக் கணக்கும்தான்.

தோட்டத்துப்பிள்ளை

எடுக்கச் சொல்லல கவி. அவ இருக்கட்டும், ஆனா கரிகாலன் செத்த கடம்பூர்ல அவ ஜெயிக்கட்டும், ஜெயிச்சப்புறம் அவ பட்டத்துல ஏத்தி வச்ச பாண்டியன் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு காட்டட்டும்னுதான் கேக்கறேன். கல்கி அந்த சின்னப் பையன கொண்டு வந்து நிறுத்துனாரு. அவனுக்கு பத்து நிமிஷம் கூடுதலா குடுத்திருக்கலாம்.