10 பிக்சல் பிரோக்: பெட்டி போடுவதா, விடுவதா?

லகூன்வாசி:
ஆளில்லாப் படகின் கேமரா மாடலுக்குப் படகுகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க, மொரீஷியஸின் கிராண்ட் பே, மாயேபூர் பக்கம் எடுத்த வீடியோக்களில் எதற்கெல்லாம் பெட்டி போட்டுக் குறிப்பது என்ற லேபிள் விதி தயாராகிறது. வரைவில் ‘10 பிக்சலுக்குக் குறைந்ததைக் குறிக்க வேண்டாம்’ என்று இருக்கிறது. அந்த வரி போகணும். 1920 பிக்சல் அகலம், 60 டிகிரி பார்வை என்றால் டிகிரிக்கு 32 பிக்சல். 6 மீட்டர் பிரோக் (உள்ளூர்ச் சிறு மீன்பிடிப் படகு) பக்கவாட்டில் நின்றால் 1 கி.மீ.யில் 11 பிக்சல். அதுவே நேருக்கு நேர் வந்தால்? அகலம் ஒன்றரை மீட்டர்தான். 500 மீட்டரில்கூட 6 பிக்சல் தேறாது. நாம் 10 நாட் வேகத்தில் போனால் அந்த 500 மீட்டர் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பெட்டிக்கணக்கு:
தம்பி, 10×10 பெட்டியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் பெட்டி மற்றவருடையதைவிட 2 பிக்சல் வலம், 2 பிக்சல் கீழ் தள்ளி விழுந்தால் பொதுப்பரப்பு 64, மொத்தம் 136. ஐஓயு (பொதுப்பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்த பொருத்த அளவு) 0.47, அதாவது 0.5 வரம்பில் தவறு. 100×100 பெட்டியில் அதே பிசகு 0.92. சின்னதில் லேபிளே ஆடுகிறது. போதாக்குறைக்கு மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று கிளப்பும் வெள்ளை நுரை. ஒற்றைப் படத்தை வைத்து எது நுரை, எது படகு என்று யாராலும் சொல்ல முடியாது. ஊகித்துப் போட்ட பெட்டியைப் படித்த மாடல் அலைக்கெல்லாம் அலாரம் அடிக்கும்.

லகூன்வாசி:
ஒற்றைப் படத்தை ஏன் பார்க்கணும் அண்ணா? படகு சந்தேகமில்லாமல் தெரியும் ஃபிரேமிலிருந்து வீடியோவைப் பின்னோக்கி ஓட்டுங்கள். நுரை சில நொடியில் கலையும், படகு கலையாது. சிவாட் என்ற லேபிள் மென்பொருளில் டிராக் போட்டு இடையிடையே கீஃபிரேம் (நாமே பெட்டி போடும் ஃபிரேம்) வைத்தால் மீதியை அதுவே நிரப்பும். ஒரு எச்சரிக்கை: படகின் மூக்கு 2 டிகிரி எழும்பினால் படம் 64 பிக்சல் இறங்கிவிடும், நேர்கோட்டு நிரப்பல் கோட்டை விடும். முதலில் அடிவானத்தை வைத்து வீடியோவை நிலைப்படுத்திக்கொள்ளணும்.

பெட்டிக்கணக்கு:
அப்படியானால் லேபிள் போடுபவருக்கு அடுத்து வருவது தெரியும், ஒற்றை ஃபிரேம் பார்க்கும் மாடலுக்குத் தெரியாது. பிக்சலில் இல்லாத தகவலை அதனிடம் கேட்கிறீர்கள். பெட்டியே இல்லாமல் விடுவதும் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ‘இது தண்ணீர்’ என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ‘புறக்கணி’ என்று குறியுங்கள், பயிற்சியில் அந்த இடத்துக்குப் பிழைக்கணக்கு வராது. மாஸ்டர்1325 என்ற கடல் படத் தொகுப்பு தெளிவில்லாத விளிம்புப் பிக்சல்களை இப்படித்தான் ஒதுக்குகிறது.

லகூன்வாசி:
பயிற்சிக்குச் சரி. சோதனைத் தொகுப்பிலும் ஒதுக்கினால் எத்தனை மீட்டரில் மாடல் முதன்முதலாகப் பிரோக்கைப் பார்க்கிறது என்பதே தெரியாமல் போகும். கரைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதானே.

இடச்சிவப்பு:
சின்னப் பெட்டியில் அடிக்கோடு எங்கே விழுகிறது என்று யாரும் கேட்கவில்லையே? கேமரா 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1 கி.மீ. தள்ளி நிற்கும் படகின் நீர்க்கோடு கேமராவின் கிடைமட்டக் கோட்டுக்குச் சுமார் 5.5 பிக்சல் கீழே வரும். தண்ணீரில் விழும் பிரதிபலிப்பையும் சேர்த்து 3 பிக்சல் இறக்கிப் போட்டால் தூரக்கணக்கு 650 மீட்டர் என்று சொல்லும். பெட்டி நீர்க்கோட்டோடு நிற்கணும்.

அதைவிடப் பெரிய கோளாறு: பயிற்சியில் இட-வலப் புரட்டல் (படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் புதுப் படமாக்குவது) ஓடுகிறதா? உடனே நிறுத்துங்கள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் 112.5 டிகிரி வீச்சில் தெரியும். படத்தைப் புரட்டினால் சிவப்புக் காட்டும் கப்பல் வலப்பக்கமாகப் போகிறது. குறுக்கே வரும் கப்பலுக்கு வழிவிடும், சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் 15-ஆம் விதியே குழம்பும். மிதவையும் அப்படியே. சர்வதேச மிதவை முறையில் மொரீஷியஸ் ‘ஏ’ மண்டலம், துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கா, ஜப்பான் படங்கள் ‘பி’ மண்டலம், அங்கே தலைகீழ். லேபிளில் நிறமும் வடிவமும் மட்டும் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்பதை வரைபடம் பார்த்துக்கொள்ளட்டும்.

பெட்டிக்கணக்கு:
புரட்டலை இரவுப் படத்துக்கும் மிதவைக்கும் மட்டும் நிறுத்தினால் போதும். பகலில் பிரோக் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரோக்தான், தரவு குறைவாக இருக்கும்போது அது இலவசமாக வரும் படம்.

சோதனைத் தொகுப்பு விஷயத்தில் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘உறுதி’, ‘பின்னோக்கி அறிந்தது’ என்று ஒரு பண்பு கூடவே வேண்டும், மதிப்பெண்ணும் தனித்தனியாக வரணும். பயிற்சியில் ‘புறக்கணி’தான், அதில் மாற்றமில்லை.

லகூன்வாசி:
வரம்பு 10 என்று எழுதாதீர்கள், நீண்ட பக்கமா குறுகிய பக்கமா என்று சண்டை வரும். நீண்ட பக்கம் 6 என்று எழுதினால் நேருக்கு நேர் வரும் பிரோக் சுமார் 450 மீட்டருக்குள்ளாவது பயிற்சிக்குள் வந்துவிடும்.

பெட்டிக்கணக்கு:
8. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

இடச்சிவப்பு:
மீன்களை ஈர்த்துச் சேர்க்கக் கடலில் நிறுத்தும் மீன்கூட்டும் மிதவையில் கட்டி நிற்கும் பிரோக்குகளுக்கு ஒரே பெட்டியா?

லகூன்வாசி:
ஆளுக்கொரு பெட்டி, மிதவைக்கும் தனி. ஒன்றையொன்று மறைத்தால் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் போட்டு ‘மறைவு’ என்று டிக் செய்யுங்கள்.